மோட்டார் மாமியின் விஜயதசமி

பவானிபூரில் போய் சாவித்ரி வீடு எது என்று கேட்டால், 'எந்த சாவித்ரி?' என்பார்கள். மோட்டார் மாமி வீடு என்று கேட்டால், கையைப் பிடிக்காத குறையாக வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். அந்தப் பட்டத்தை அவளுக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாகத் தரையில் மல்லாந்து படுத்து, கன்னத்தில் கறுப்பு எண்ணெய் வழிய, அவளே சம்பாதித்துக்கொண்டாள்.

கல்கத்தாவுக்குக் குடித்தனம் வந்தபோது அவள் சின்னப் பெண். வந்த வருஷமே ஒரு செப்புக் குடத்தை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டு, எதிர்வீட்டில் துர்க்கை சிலை வந்து இறங்குவதை வேடிக்கை பார்க்க ஜன்னலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது குடம் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. பதறிப் போய்த் தண்ணீரை ஊற்றினாள். குடம் ஓட்டையாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அது மெழுகுக் குடமாகிவிட்டது. இடுப்பில் வைத்தால் இடுப்பு எலும்பு பதிந்தது, தரையில் வைத்தால் தரை பதிந்தது. மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் பாதி அவளுக்கு மறந்துபோயிற்று. நெருப்பில் சிவந்த செம்பு இளகிப்போகும் என்பது மட்டும் மறக்கவில்லை.

அப்புறம் ப்ரைமஸ் ஸ்டவ் வந்தது. அந்தப் பித்தளைப் பூதம் எந்த வீட்டில் அடம்பிடித்தாலும் சாவித்ரியைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பர்னரைக் கழற்றி, வாஷரை எடுத்து, அது உட்காரும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பூட்டுவாள். "அழுக்கு மேல வாஷரைப் போட்டு இறுக்கினேள்னா, அழுக்கைத்தான் இறுக்கறேள்" என்பது அவள் சித்தாந்தம். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த வாரமே அழுக்கின் மேல் வைத்து இறுக்கிவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள்.

அவள் புருஷன் ராகவேந்திரன் கிளைவ் ஸ்ட்ரீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். நல்ல மனுஷர்தான். ஆனால் கௌரவத்துக்கு ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் சாப்பாடு இறங்காது. சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரை தன் பழைய மோட்டாரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கேன்வாஸ் கூரை, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினால் இருமிக் கிளம்பும் என்ஜின். ஹரிபதன் என்று ஒரு வங்காளி டிரைவரையும் வைத்துக்கொண்டார்கள். ராகவேந்திரனும் லைசென்ஸ் வாங்கிவைத்திருந்தார். மாட்டு வண்டிக்கு வழி விட்டே பழகிய லைசென்ஸ் அது.

ராகவேந்திரனுக்கு அந்த வண்டி பெருமை. சாவித்ரிக்கு அது தங்கை நாகலக்ஷ்மி. நாகுவின் புருஷனுக்கு ரயில்வே ஆபீசில் உத்தியோகம், குடித்தனம் கார்டன் ரீச்சில். ஒரே ஊர் என்று பேர்தான். டிராமில் ஏறி, கிதிர்ப்பூரில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து, துணைக்கு ஒரு ஆண்பிள்ளையையும் தேடிப் பிடித்துப் போவதற்குள் வருஷம் திரும்பிவிடும். மோட்டார் வந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். இப்போது நாகு நிறைமாதக் கர்ப்பிணி. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறந்த வீட்டிலிருந்து வந்து பார்க்க வேறு ஆள் இல்லை. "வலி எடுத்ததுன்னு சொல்லி அனுப்பு, அடுத்த நிமிஷம் நான் அங்க இருப்பேன்" என்று சாவித்ரி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். அந்தச் சத்தியம் நான்கு சக்கரத்தின் மேல் நின்றது.

புரட்டாசி பிறக்கிற சமயம் வங்காளிகள் விசுவகர்மா பூஜை கொண்டாடுவார்கள். ஹரிபதன் அன்றைக்கு வண்டிக்குப் புது எண்ணெய் மாற்றினான். என்ஜினின் அடித்தொட்டியில் பழைய எண்ணெய் வடிப்பதற்கென்று ஒரு பித்தளைத் திருகு உண்டு. அவன் அதை ப்ளக் என்பான். அதன் கழுத்தில் ஒரு செப்பு வாஷர். இரண்டையும் கழற்றி, ஸ்பானர் சாமான்களோடு தட்டில் வைத்திருந்தான். சாவித்ரி பூஜைக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்தவள், எல்லாம் பளபளக்க இது மட்டும் கன்னங்கரேலென்று கிடப்பதைப் பார்த்தாள்.

"இது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?" என்று எடுத்துக்கொண்டு போய்ப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தாள். ப்ளக் தங்கமாக மின்னியது. வாஷரும் மின்னியது. இரண்டுக்கும் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஓர் இடம் விடாமல் சந்தனத்தை அப்பிக் குங்குமத்தை வைத்தாள். ஹரிபதன் பக்திமான். பௌதி, அதாவது அண்ணி, கையால் வைத்த குங்குமத்தைத் துடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே திருகிவிட்டான்.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. அதற்கு மறுநாள் அது அப்பளம் அளவுக்கு ஆயிற்று.

ஹரிபதன் ப்ளக்கை இறுக்கினான், ஒழுகியது. இன்னும் இறுக்கினான், இன்னும் ஒழுகியது. ஒரு பட்டறை மிஸ்திரி வந்து சோப்பைக் குழைத்துச் சுற்றிலும் பூசிவிட்டுப் போனான். இன்னொரு மிஸ்திரி சணலைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். ஒருவனும் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மூன்றாவதாக வந்தவன் கீழே குனியக்கூட இல்லை. தொட்டியிலேயே விரிசல், என்ஜினையே இறக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்!

இதற்கு நடுவில் ஒருநாள் ராகவேந்திரன் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். பெரிய துரை வெளியே வந்தவர், வண்டிக்கு அடியிலிருந்து ஓடி வந்த எண்ணெயில் கால் வைத்துவிட்டார். விழவில்லை. விழுந்திருந்தாலாவது பரவாயில்லை, விழாமல் இருப்பதற்கு அவர் ஆடிய ஆட்டத்தை ஆபீஸ் பூராவும் ஜன்னலில் நின்று பார்த்தது. ராகவேந்திரன் வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக் கூடக் கழற்றாமல் கத்தினார்.

"இந்தச் சனியன் இனிமே நம்மாத்து வாசல்ல நிக்கப்படாது. நந்திபாபு ரொம்ப நாளாக் கேட்டுண்டிருக்கார். கொடுத்துடறேன்!"

நந்திபாபு பக்கத்துத் தெருக் கண்ட்ராக்டர். அந்தப் பேட்டை துர்க்கா பூஜைக்கு அவர்தான் பெரிய மனுஷர். விஜயதசமியன்று சிலையைக் கரைக்க ஆற்றுக்குக் கொண்டுபோகும் ஊர்வலத்தில், சிலைக்குப் பின்னால் சொந்த மோட்டாரில் போக வேண்டும் என்பது அவருடைய ஜன்ம சாபல்யம். ஒழுகினால் என்ன, ஒரு சாயங்காலத்துக்குள் எவ்வளவு ஒழுகிவிடும் என்று அவர் கணக்கு.

"ஏன்னா, நாகு இருக்கற இருப்புல..." என்று சாவித்ரி ஆரம்பித்தாள். தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அவள் கண்ணைப் பார்த்ததும் அவர் கொஞ்சம் இறங்கினார். "சரி. விஜயதசமி காலம்பற நந்திபாபு வருவார். அதுக்குள்ள ஒழுகறது நின்னுதுன்னா வண்டி நமக்கு. ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி அவருக்கு. அவர்கிட்டயும் இப்படியே சொல்லிடறேன், நடுவுல பேச்சு மாறப்படாது." சொன்னபடியே போய்ச் சொல்லியும் விட்டார்.

சொன்னது சுலபம். அதற்குள் துர்க்கா பூஜை வந்துவிட்டது. ஊரில் ஒரு பட்டறை திறக்கவில்லை. மிஸ்திரிகள் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். ஹரிபதனும் கிராமத்துக்குப் போய்விட்டான். சாவித்ரிக்கு நம்பிக்கை என்று பார்த்தால் அவளே மிச்சம். ப்ரைமஸைக் கழற்றுகிறவளுக்கு ப்ளக்கைக் கழற்ற முடியாதா என்று அவளுக்கு அஷ்டமியன்றுதான் துணிச்சல் வந்தது. அது வந்த நேரம் பாருங்கள், அன்றைக்குப் பார்த்து ராகவேந்திரன் ஸ்பானர் முதல் சுத்தியல் வரை எல்லாவற்றையும் துடைத்து ஆயுத பூஜைப் பலகையில் அடுக்கிவிட்டார். நவமியன்று பூஜை ஆனால், மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது. சாவித்ரி சுண்டல் நைவேத்தியம் பண்ணினாள், கற்பூரம் காட்டினாள். ஸ்பானரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அன்றைக்கு முழுவதும் வாசலில் எண்ணெய் சொட்டுகிற சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது.

விஜயதசமி விடிந்தது. தலைக்கு ஸ்நானம் பண்ணி, மடிசார் கட்டிக்கொண்டு, பாயசம் நைவேத்தியம் ஆகிப் புனர்பூஜையும் முடிந்தது. வழக்கப்படி அவரவர் தொழிலை அன்று கொஞ்சமாவது செய்ய வேண்டும். ராகவேந்திரன் பேனாவை எடுத்து நாலு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார். சாவித்ரி பலகையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"இன்னிக்கு எந்த வித்தையை ஆரம்பிச்சாலும் ஜயந்தானே? நான் இதை ஆரம்பிக்கறேன்."

"அசடு! வங்காளிப் பொம்மனாட்டிகள் எல்லாரும் ஜன்னல்ல நின்னுண்டிருக்கா. வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கப் போறியா நீ?"

"நாகு பக்கத்துல நான் இல்லேன்னா அந்த ஜன்னலா போய் நிக்கும்?" என்றாள் சாவித்ரி. அவள் ஒரு பழைய கோணிப்பையை விரித்து, வெட்டிய மண்ணெண்ணெய் டின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டாள். மடிசாரைக் கண்டுபிடித்தவள் யாரோ, இப்படி ஒரு நாள் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலை எப்படி மடக்கினாலும் அது அவளை விட்டுக்கொடுக்கவில்லை.

ப்ளக் அசையவில்லை. ஆளாளுக்கு முறுக்கி வைத்தது, எப்படி அசையும்? கையால் இழுத்தாள். இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். கையைவிடக் காலுக்குப் பலம் ஜாஸ்தி என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஸ்பானரில் இன்னும் சந்தனப் பொட்டு இருந்தது. பூஜையில் வைத்ததைக் காலால் உதைப்பதாவது!

ஸ்பானரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வாய்விட்டே சொன்னாள். "அம்மா சரஸ்வதி, கண்ணை மூடிக்கோ. தங்கைக்காக உதைக்கறேன், தப்பா எடுத்துக்காதே." சொல்லிவிட்டுக் குதிகாலை ஸ்பானரின் நுனியில் வைத்து ஓர் உதை உதைத்தாள். சரஸ்வதி கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ப்ளக் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டு இளகிக் கொடுத்தது.

டின்னில் எண்ணெய் கொட்டியது, பாதி அவள் கையிலும் கன்னத்திலும் கொட்டியது. வெளியே வந்து வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செம்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், கீறல்கள். அந்தக் குழிகளில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். செங்கல் பொடி வந்தது. இன்னொரு இடத்தைச் சுரண்டினாள். காய்ந்து கல்லாகிப்போன சந்தனம் வந்தது, அதன் ஓரத்தில் எண்ணெயில் ஊறிய குங்குமச் சிவப்பு.

சாவித்ரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் அழுக்கு மேல் வாஷர் போடாதே என்று உபதேசம் பண்ணினவள், தானே தன் கையால் அழுக்கை அரைத்து, பூசி, அதற்குக் குங்குமமும் வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். வண்டியைத் திட்டி, ஹரிபதனைத் திட்டி, மூன்று மிஸ்திரிகளைத் திட்டி, கடைசியில் பார்த்தால் எய்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. தொட்டியில் விரிசல் இல்லை. குற்றம் இந்த உள்ளங்கையளவுகூட இல்லாத வட்டத்தில்தான் இருக்கிறது. இதை அவளால் சரிசெய்ய முடியும்!

வாஷரின் குழிகளைத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். அம்மி கரடு, தரை அதைவிடக் கரடு. நேராக உள்ளே போய்ச் சந்தனக் கல்லை எடுத்துவந்தாள். மேல்பக்கம் தேய்ந்து குழிந்திருந்தது. திருப்பிப் போட்டால் பின்பக்கம் கண்ணாடி மாதிரி மட்டம்.

"சாமி கல்லுடி அது!" என்றார் ராகவேந்திரன்.

"சாமிக்குப் பண்ணின அபசாரத்தைச் சாமி கல்லுதான் தீர்க்கணும்" என்று சொல்லித் தண்ணீர் விட்டு, சந்தனம் அரைப்பதுபோலவே வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். குழி ஒவ்வொன்றாக மறைந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கமும் தேய்த்தாள். பிறகு ப்ரைமஸைப் பற்றவைத்து, வாஷரை இடுக்கியில் பிடித்து, அந்தப் பழைய குடம் சிவந்ததுபோலச் சிவக்கும்வரை ஜ்வாலையில் காட்டினாள். சிவந்ததும் தண்ணீரில் போட்டாள். 'சுர்' என்றது. எடுத்து விரலால் லேசாக வளைத்துப் பார்த்தாள். வளைந்தது. மறுபடி நிமிர்த்திக்கொண்டாள். விறைத்த செம்பு மூலை முடுக்கில் போய் உட்காராது. இளகின செம்புதான் அழுத்தினால் இடத்துக்குத் தக்கபடி படிந்துகொடுக்கும்.

மறுபடி வண்டிக்கு அடியில் போய், ப்ளக் உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த சோப்பு, சணல், சந்தனம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் வழித்தாள். நகத்தால் சுற்றிலும் நெருடினாள். ஒன்றும் தட்டுப்படாத வரைக்கும் விடவில்லை. வாஷரைக் கழுத்தில் மாட்டி, ப்ளக்கைக் கையாலேயே திருகி ஏற்றினாள். கை நின்ற இடத்திலிருந்து ஸ்பானரால் ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கை பரபரத்தது. கையை அடக்கினாள். வடித்த எண்ணெயை அவருடைய பழைய வேஷ்டியில் வடிகட்டி மறுபடி என்ஜினில் ஊற்றினாள். அது பழைய வேஷ்டி என்பது அவள் கட்சி. ராகவேந்திரன் கட்சி வேறு.

கடைசியாக வண்டிக்கு அடியில் இருந்த தரையைக் கழுவித் துடைத்து, அரிசி மாவால் ஒரு பெரிய கோலம் போட்டாள், வெள்ளை வெளேரென்று. ஒரு துளி விழுந்தாலும் ஊருக்கே தெரிய வேண்டும் என்று அவளே தன் கழுத்தைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கீழே வைத்தாள்.

"சுத்துங்கோன்னா" என்றாள். ராகவேந்திரன் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். என்ஜின் இருமியது, கனைத்தது, ஓடத் தொடங்கியது. அந்த நேரத்துக்குச் சரியாக நந்திபாபு வந்து சேர்ந்தார். கொசுவம் வைத்த பட்டுக்கரை வேஷ்டி, சில்க் ஜிப்பா, சென்ட் வாசனை, மாப்பிள்ளை தோற்றான் போங்கள்.

"கீ தாதா, தயாரா?" என்று ராகவேந்திரனை அண்ணா முறை வைத்துக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர், எண்ணெய் வழிகிற கன்னத்தோடு நின்ற சாவித்ரியைப் பார்த்துத் திகைத்தார். "பௌதி! எ கீ காண்டோ?" இதென்ன கூத்து என்றார்.

"ஒழுகறது நின்னுடுத்து" என்றாள் சாவித்ரி. அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அந்தத் தலைநிமிர்வு புரிந்தது.

நந்திபாபு லேசில் விடுகிறவரா? என்ஜின் ஓடட்டும், சூடேறினால்தான் எண்ணெய் இளகும், அப்போது பார்க்கலாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஓடவிட்டார்கள். ராகவேந்திரன் கூரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கோலத்தை மட்டும் பார்க்கவில்லை. சாவித்ரி கண் கொட்டாமல் கோலத்தையே பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் கூடின. ஒரு வயசான வங்காள அம்மாள் மாடியிலிருந்தே, "போட்லோ நாகி?" விழுந்ததா என்று கேட்டாள். இல்லை என்று கீழிருந்து யாரோ சொன்னார்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிக் கேன்வாஸ் கூரையே நடுங்கியது. கோலம் வெள்ளையாகவே இருந்தது.

நந்திபாபுவுக்குப் பொறுக்கவில்லை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு, தானே வண்டிக்கு அடியில் தலையை நீட்டினார். ப்ளக்கை விரலால் தடவினார். இன்னும் உள்ளே நுழைந்து மறுபடி தடவினார். வெளியே வந்தபோது முழங்கால், மூக்கு, மீசை எல்லாம் அரிசி மாவு. விரலை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் இல்லை. மாடி ஜன்னல் அம்மாள் அங்கிருந்தபடியே குலவையிட்டாள். அடுத்தடுத்த ஜன்னல்களும் சேர்ந்துகொண்டன. தெருவே கல்யாண வீடாயிற்று.

நந்திபாபு பெரிய மனுஷர்தான், சந்தேகமில்லை. தோல்வியை வாயால் சொல்ல வெட்கப்படவில்லை. எந்த மிஸ்திரி செய்தான், அவனையாவது எனக்குக் கொடுங்கள் என்று இந்தியில் கேட்டார். மூன்று வாரமாகத் தொங்கிக்கிடந்த ராகவேந்திரனின் மீசை மெல்ல நிமிர்ந்தது.

"மிஸ்திரி என்னோட சம்சாரம்" என்றார் அவரும் இந்தியிலேயே, எல்லா ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி. "இன்னிக்குத்தான் வித்யாரம்பம்."

அப்புறம் அவர் திரும்பி, "முகத்தை அலம்பிண்டு வா. சிலையெல்லாம் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி கார்டன் ரீச் போயிடலாம்" என்றார். சாவித்ரி முகத்தை அலம்பினாள். கை மட்டும் எத்தனை சீயக்காய் போட்டும் கறுப்பாகவே இருந்தது. பாயசத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டாள். வழியில் இருந்த மாடுகளுக்கெல்லாம் வழிவிட்டு ராகவேந்திரன் ஓட்டினார். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

கார்டன் ரீச் வீட்டு வாசலில் நாகலக்ஷ்மி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். வண்டி இன்றைக்குக் கைமாறுகிறது என்று அவளுக்குத் தெரியும். அக்கா இனி எப்படி வருவாள் என்று காலையிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது. தெருக்கோடியில் வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு நம்ப முடியவில்லை. சாவித்ரி இறங்கி ஓடி வந்தாள்.

"அக்கா... வண்டியை வித்துட்டேள்னு நெனச்சேன். தனியாப் பெத்துக்கணுமேன்னு எவ்வளவு பயந்துண்டேன் தெரியுமா?"

"யார் விக்கறது? நான் இருக்கேன்டி."

நாகு அந்தக் கறுப்புக் கையைப் பார்த்தாள். அதைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வெளுத்த புடவையில் அஞ்சு விரலும் அப்படியே பதிந்தன. உள்ளே இருந்த குழந்தை அந்தக் கைக்கு ஓர் உதை கொடுத்தது. அக்காவும் தங்கையும் வாசலிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தார்கள்.